சப்போட்டாவைத் தாங்கும் பாலை

கோடை வந்தால் வேதாரண்யம் பக்கம் ஒரு பழம் விற்பனைக்கு வரும். வேப்பம்பழ அளவு, அதே மஞ்சள் நிறம். வாயில் போட்டால் அப்படி ஓர் இனிப்பு. நாலைந்து தின்றதும் உதடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். பழத்தில் இருக்கும் பால் செய்கிற வேலை அது. துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் சரியாகிவிடும். அதுதான் பாலைப்பழம். கோடியக்கரைக் காட்டில் யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல் தானாக விளைவது.

உப்புக் காற்று, மணல், மாதக்கணக்கில் மழையில்லாத வெயில் எல்லாவற்றையும் பாலை தாங்கும். மெதுவாகத்தான் வளரும். கட்டையோ அவ்வளவு கெட்டி. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். உலக்கைப் பாலை என்ற பெயரே அதன் வலுவைச் சொல்லும். இலங்கையில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்டதும் இந்தக் கட்டையைத்தான். அங்கே வில்பத்துக் காட்டில் பழம் பழுக்கும் நாளில் கரடிகளே மரமேறித் தின்னும்.

பலருக்குத் தெரியாத உறவு ஒன்றும் உண்டு. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த சப்போட்டா, பாலைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். நர்சரிகளில் பாலை நாற்றின் மேல்தான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். மேலே பழுப்பது சப்போட்டா. மண்ணுக்குள் நீர் தேடி ஓடுவது பாலையின் வேர்.

வேதாரண்யம் அருகே ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற சப்போட்டா, 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் ஒட்டுக்குச் சற்று மேலே முறிந்து விழுந்தது. சில மாதம் கழித்து அடிக்கட்டையில் துளிர் வந்தது. சப்போட்டா இலை நுனி கூர்மையாக இருக்கும். இந்த இலையோ நுனியில் லேசாகப் பிளந்திருந்தது. அந்த வீட்டு அம்மா பார்த்ததுமே பாலை என்று சொல்லிவிட்டார்.

“இதைத் தோண்டிட்டுப் புதுசா ஒரு சப்போட்டா வச்சிடலாம்மா” என்றார் மகன்.

“இத்தனை வருஷமா அந்த மரத்தைத் தூக்கிக்கிட்டு நின்னது இதுதாம்பா. இப்பத்தான் அது முகத்தைப் பாக்குறோம். விட்டுடு” என்றார் அம்மா.

புது சப்போட்டாவுக்கு வேறு இடம் கிடைத்தது. பாலை காய்க்க இன்னும் பல வருஷம் ஆகலாம். அது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

சப்போட்டாக் கன்று வாங்குகிறவர்கள் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் பாலை முந்திக்கொண்டு வளர்ந்துவிடும்.

கிள்ளும்போது ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். பாலை மரம் காய்த்தால்தான் விதை. விதை முளைத்தால்தான் நாற்று. அந்த நாற்று இருந்தால்தான் அடுத்த ஒட்டுக் கன்று. இடமிருப்பவர்கள் தின்று துப்பும் கொட்டையில் இரண்டையாவது மண்ணில் ஊன்றி வைக்கலாம். பழம் தின்பது பேரப்பிள்ளைகளாக இருந்தால்தான் என்ன?