ஓட்டமும் நிறுத்தமும்

‘ஹாட் ராட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சூடேறிய கம்பி’ என்று வரும். கொல்லன் உலைக்களத்துக்கு உரிய சொல் போலத் தோன்றும். ஆனால் அமெரிக்க நாட்டில் அது ஒருவகைக் காரின் பெயர். மடக்கக்கூடிய துணிக்கூரையோடு, பக்கங்களில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இல்லாத பழைய திறந்த காருக்கு ‘ரோட்ஸ்டர்’ என்று பெயர். அச்சொல்லின் குறுக்கமே ‘ராட்’ என்பாரும் உளர். எஞ்சினுக்குள்ளே பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கின்ற தண்டினைக் குறித்தது என்பாரும் உளர். எதுவாயினும் பொருள் ஒன்றே. பழைய காரொன்றை வாங்கி, வேண்டாத பாரத்தைக் கழற்றிப் போட்டு, எஞ்சினுக்கு வலுவேற்றி, தன் வீட்டுக் கொட்டகையில் தன் கையாலேயே விரைந்தோடும்படி திருத்தி அமைத்தது ஹாட் ராட்.

அரபியும் தமிழும் கற்பித்துக் காலங்கழிக்கும் ஓர் ஆசிரியனுக்கு இந்தக் காரோடு என்ன உறவு என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். 2023ஆம் ஆண்டு மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு நானும் என் துணைவியும் கலிஃபோர்னியா சென்று, பொமோனா நகருக்கு அண்மையில் ஐந்து மாதங்கள் தங்கியிருந்தோம். பேரன் உறங்கும் பகற்பொழுதுகளில் எனக்கு வேலை ஏதுமில்லை. அடுத்த வீட்டுக் கொட்டகையிலிருந்து சுத்தியல் ஓசை வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் எட்டிப் பார்த்தேன். எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர், தம் பதினாறு வயதுப் பேரனுடன், ஓர் இரும்புச் சட்டத்தின் முன் குனிந்திருந்தார். “உள்ளே வாருங்கள்” என்றார். நான் ஆசிரியன் என்றறிந்தபின் ‘டீச்சர்’ என்றே அழைக்கலானார். “வாப்பா, அவருக்குத் தொந்தரவாக இருந்துவிடப் போகிறது” என்று மகள் எச்சரித்தாள். பெரியவரோ, நான் வராத நாளில் ஏன் வரவில்லை என்று மருமகப்பிள்ளையிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் கட்டிக்கொண்டிருந்தது 1932ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டர். அந்த ஆண்டுக்கு இத்தொழிலில் தனி மதிப்புண்டு. ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ கார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வெளிவந்தது. அதன் எஞ்சினுக்கு 20 குதிரைத்திறன். அடுத்து வந்த ‘மாடல் ஏ’க்கு 40. 1932இல் எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்தெடுத்த ‘வி-8’ எஞ்சின், 65 குதிரைத்திறனோடு, சாமானியரும் வாங்கத்தக்க விலையில் வந்தது. அதுவரை எட்டு சிலிண்டர் என்பது பெரும்பாலும் செல்வந்தர் வீட்டுப் பொருள். சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழையவையாகி மலிந்தபோது, தென் கலிஃபோர்னியாவின் உழைக்கும் வீட்டு இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். மட்கார்டையும் பானெட்டையும் கழற்றினார்கள். ஓட்டிப் பார்க்க, மழையற்ற காலத்தில் பாளம் பாளமாகக் காய்ந்து கிடக்கும் ஏரிப் படுகைகளுக்குச் சென்றார்கள். முராக், எல் மிராஜ் ஆகிய படுகைகள் பெயர் பெற்றவை. முராக் இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளமாகிவிட்டது.

பெரியவருக்குக் கிடைத்தது, பண்ணைக் கொட்டில் ஒன்றில் துருவேறிக் கிடந்த உடலும் அடிச்சட்டமுந்தான். எஞ்சின் 1946ஆம் ஆண்டினது. அது 100 குதிரைத்திறன் உடையது. ஒரு காரின் உடலும் வேறொரு காரின் எஞ்சினும் மூன்றாவதன் ஆக்ஸிலும் சேர்ந்து ஒன்றாவதே இக்கலையின் வழக்கம். எந்த உறுப்பையும் அவர் நம்பி ஏற்றுக்கொள்ளவில்லை. எஞ்சின் வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைக் காந்தமும் இரும்புத் துகளும் கொண்டு தேடினார்கள். அவ்வகை எஞ்சினில் புகை வெளியேறும் வழிகள் வார்ப்பின் ஊடேயே செல்வதால், குளிர்விக்கும் நீரும் சேர்ந்து சூடேறும். அதனால் வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே வெடிப்பு விழுவது சகஜமாம்.

இன்னொன்றும் என்னை வியக்க வைத்தது. ஒரு காரை அவர்கள் இருமுறை கட்டுகிறார்கள். முதல்முறை வண்ணம் ஏதும் பூசாமல், வெறும் இரும்பாகவே அனைத்தையும் பூட்டிப் பார்க்கிறார்கள். எது எதில் இடிக்கிறது, எந்தத் துளை விலகி இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கடைசித் திருகாணி வரை கழற்றி, திருத்தி, வண்ணமிட்டு, மீண்டும் பூட்டுகிறார்கள். மாணவன் பாடத்தை ஒருமுறை ஒப்பித்துவிட்டால் போதும் என்றிருக்கும் நம் ஆசிரியர்கள் இதைச் சற்றே சிந்திக்கலாம்.

பேரனுக்குப் பொறுமை போதவில்லை. எஞ்சினை ஏற்றி ஒருமுறையேனும் முடுக்கி ஓசை கேட்க வேண்டும் என்பது அவன் துடிப்பு. பாட்டனாரோ, பிரேக் வேலை முடியாமல் எஞ்சினில் பெட்ரோல் விழாது என்று ஒரே பிடியாக நின்றார். 1932ஆம் ஆண்டுக் காருக்குக் கம்பிகளால் இழுத்துப் பிடிக்கும் பிரேக்குகளே இருந்தன. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை ஃபோர்டு 1939இல்தான் கொண்டுவந்தது. பிற்காலக் காரிலிருந்து அந்தப் பிரேக்குகளைக் கழற்றிப் பழைய ஆக்ஸிலில் பொருத்துவதைத்தான் அவர் முதல் வேலையாக வைத்திருந்தார். ஒருநாள் தரையில் சாக்குக்கட்டியால் இரண்டு கோடுகள் இழுத்தார். ஒன்று மற்றதைப்போல் நான்கு மடங்கு நீளம். “வேகத்தை நீ இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. உன் கால் இதை அறியாது. உன் அறிவுதான் காலுக்குச் சொல்ல வேண்டும்” என்றார்.

அந்தப் பிடிவாதத்தின் காரணத்தைச் சில வாரங்கள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். 1956ஆம் ஆண்டு. அவருக்குப் பன்னிரண்டு வயது. பத்தொன்பது வயதான அவருடைய அண்ணன், மாடல் ஏ கார் ஒன்றில் வி-8 எஞ்சினை ஏற்றியிருந்தான். பிரேக்குகளை மாற்றப் பணம் சேரவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான். ஓர் இரவு நெடுஞ்சாலையில் நண்பனோடு பந்தயம். திருப்பத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. அதற்குமேல் அவர் விவரிக்கவில்லை. அவர் தந்தை கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் தம் பையில் போட்டுக்கொண்டார். ஓராண்டு அது திறக்கப்படவே இல்லை. பிறகு ஒரு மாலையில் தம்பியைக் கூப்பிட்டு, “எப்படியும் நீ ஓட்டத்தான் போகிறாய். நிறுத்தக் கற்றுக்கொண்டு ஓட்டு” என்று சாவியை நீட்டினாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊரின் நினைவு எழாமல் எப்படி இருக்கும்? 2019இல் என்னிடம் ஓதிய பிள்ளை ஒருவன், பதினெட்டு வயதில், சைலன்சரை மாற்றி முழங்கவிட்ட மோட்டார் சைக்கிளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாண்டுபோனான். அவன் ஜனாஸாவைத் தோள்கொடுத்துச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த வாரமே ஊர்ப் பெரியவர்கள் கூடி, பிள்ளைகள் கையில் மோட்டார் சைக்கிள் கொடுக்கலாகாது என்று முடிவெடுத்தார்கள். தாய்மாரின் கண்ணீரைப் பார்த்தபின் வேறென்ன முடிவு தோன்றும்? மூன்று மாதம் ஊர் அமைதியாக இருந்தது. அதன்பின் பிள்ளைகள் பக்கத்து ஊர் நண்பர்களின் வீடுகளில் வண்டியை நிறுத்திவைக்கப் பழகிக்கொண்டார்கள். வேகம் நிற்கவில்லை, நம் பார்வையிலிருந்து விலகிப்போயிற்று, அவ்வளவே.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. ஹாட் ராட் என்றாலே போக்கிரி என்று பத்திரிகைகளும் காவல்துறையும் கருதிய காலம் ஒன்றிருந்தது. வறண்ட ஏரிகளில் ஓட்டிய குழுக்கள் 1937இல் ஒன்றுகூடி, நேரம் கணிக்கவும் ஒழுங்கு காக்கவும் தென் கலிஃபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தன. 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கள் கைவேலையை மக்கள் காணக் கண்காட்சி வைத்தனர். ‘ஹாட் ராட்’ என்ற மாத இதழும் அதே மாதம் தோன்றியது. அவ்விதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருவில் நடந்த ஓட்டத்தை வேலியிட்ட தடத்துக்குள் கொண்டுவருவதும், ஓடுமுன் ஒவ்வொரு காரையும் சோதிப்பதும் அச்சங்கத்தின் நோக்கங்கள். அதன் முதல் போட்டி 1953இல் பொமோனா சந்தைத் திடலில் நடந்தது. அவ்வூர்க் காவல்துறையினரே அதற்குத் துணைநின்றனர். துரத்திய கைகளே இடம் ஒதுக்கித் தந்தன. இதனால் விபத்தே ஒழிந்தது என்று நான் சொல்லவில்லை. தடங்களிலும் உயிர்கள் போயிருக்கின்றன. ஆனால் மறைவில் நடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பெரியவர்களின் கண்முன்னே நடந்தது. சோதனையில் தேறாத கார் திருப்பி அனுப்பப்பட்டது.

அந்தக் காருக்கு நானும் ஒரு பணி செய்தேன். பிரேக் குழாய்களில் எண்ணெய் நிரப்பியபின் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால், மிதித்த மிதி காற்றை நசுக்குவதிலேயே வீணாகி, சக்கரத்தைச் சென்றடையாது. இவ்வேலைக்கு இருவர் வேண்டும்: ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே சிறு திருகைத் திறந்து மூட. பேரன் பள்ளிக்குப் போயிருந்தான். மருமகப்பிள்ளை, “மாமா, உங்களால் முடியுமா?” என்று கேட்டார். இருக்கை பொருத்தப்படாததால் கவிழ்த்த மரப்பெட்டி ஒன்றின்மீது அமர்ந்தேன். “மிதியுங்கள்... பிடித்துக்கொள்ளுங்கள்... விடுங்கள்” என்று பெரியவரின் குரல் அடியிலிருந்து வரும். எண்ணெய்க் கலத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள வலப்புறப் பின்சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாக அண்மையிலுள்ளதற்கு வந்தோம். முதலில் பஞ்சுபோல் அமுங்கிய பெடல், முக்கால் மணி நேரத்துக்குப்பின் கருங்கல்லாக நின்றது. அந்த உறுதியைக் கால் உணர்ந்தபோது, ‘நிறுத்தக் கற்றுக்கொண்டு ஓட்டு’ என்ற சொல்லுக்கு உரை கிடைத்தது.

மற்றொரு நாள் கிராங்க் ஷாஃப்டைக் கையில் தூக்கிக் காட்டியபோது, அல்ஜஸரீயின் நூலை அவரிடம் குறிப்பிட்டேன். தியார்பகிர் நகரில் அர்துகிய மன்னர்களிடம் பணியாற்றிய அப்பொறிவல்லார், ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல், எழுதி முடித்த நூலில் நீர் இறைக்கும் பொறிக்குக் கிராங்கைப் பயன்படுத்தியிருக்கிறார். படத்தை மருமகப்பிள்ளையின் கைபேசியில் காட்டினோம். பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அளவுகளும் தந்திருக்கிறாரா?” என்று கேட்டார். கைவினைஞனின் கேள்வி! தந்திருக்கிறார், மற்றொரு தொழிலாளி படித்துச் செய்யத்தக்க விளக்கத்தோடு தந்திருக்கிறார். அந்நூலின் பெயரிலேயே ‘இல்மையும் அமலையும் ஒன்றுசேர்ப்பது’ என்ற பொருள் அமைந்திருக்கிறது. அறிவு என்றும் செயல் என்றும் இரண்டு கொட்டகைகள் கட்டி, ஒன்றில் பிள்ளைகளை அமரவைத்து மற்றதைப் பூட்டிவிட்டவர்கள் நாம்.

ஊர் திரும்பியபின், 2024 தொடக்கத்தில், எங்கள் தெருமுனை மெக்கானிக் ஷெட்டின் உரிமையாளரிடம் பேசினேன். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர அவர் இசைந்தார். அறுவர் சேர்ந்தனர். முதல் மாதம் முழுவதும் பிரேக் ஷூவைக் கழற்றுவதும் தேய்மானம் பார்ப்பதும் மாட்டுவதுமே பாடம். “என் மகன் ஓத வந்தானா, கரி பூசிக்கொள்ள வந்தானா?” என்று ஒரு தகப்பனார் சினந்து வந்தார். இருவர் இடையில் நின்றுவிட்டனர். மற்ற நால்வரும் வண்டியை விரைந்தோட்டுவதில்லை என்று நான் உறுதி கூற இயலாது. வாலிபத்தை நான் அறிவேன். ஆனால் அவர்களுள் ஒருவன் சென்ற மாதம் தன் மச்சானின் வண்டியைத் தெருவில் மறித்து, “பின் பிரேக் பிடிக்கவில்லை, தள்ளிக்கொண்டு போ” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டானாம். அந்த மச்சான் என்னிடமே முறையிட வந்தான். அவனுக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்து, அடுத்த ஞாயிறு அவனையும் ஷெட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.