காற்று இறங்கும் காடு

மே 24, சனி

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இன்றே தொடங்கிவிட்டதாம். வழக்கமாக ஜூன் 1. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்று செய்தியில் சொன்னார்கள். மலையடிவாரத்துப் பொட்டிபுரத்தில் தோட்டம் வைத்திருப்பவனுக்கு அது மழைச் செய்தி அல்ல, காற்றுச் செய்தி. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டினால் இந்தப் பக்கம் காற்று இறங்கும். அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் நாலு நாள் கிடக்கிறது. அதற்குள் காற்றும் சேர்ந்துகொண்டால் எலுமிச்சைக்கு ரெட்டை அடி.

டிராகன் பழத் தூண்களைச் சுற்றி வந்தேன். பச்சை வலை கட்டாத வரிசையில் மேற்கு பார்த்த தண்டெல்லாம் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. கள்ளி இனம்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைத்துத்தான் எல்லோரும் கன்று வாங்குகிறார்கள். இது பாலைவனக் கள்ளி இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் காடுகளில் மரத்தைத் தொற்றி ஏறி, அரைநிழலில் பிழைத்த கொடி. 2021ல் குஜராத்தில் ‘கமலம்’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் எதுவானாலும் சித்திரை வெயிலில் தோல் வேகத்தான் செய்கிறது.

மே 26, திங்கள்

ஏலத்தோட்டத்துக்குக் களைவெட்டப் போகும் பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கினார். சேலை முழங்கால் வரை ஈரம், தலைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளில் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. “மேல நிக்க முடியலப்பா, அப்படி ஊத்துது. போடிமெட்டு தாண்டிக் கீழ வந்தா ரோடு காய்ஞ்சு கெடக்கு” என்றார். எங்கள் தெருவில் புழுதி பறக்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் ஏலக்காயும் சப்பாத்திக்கள்ளியும் விளையும் ஊர் இது.

மே 28, புதன்

அக்னி கழிந்தது. எலுமிச்சைப் பாத்திகளைத் திருத்தினேன். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து, தண்ணீர் வெளிவட்டத்தில் மட்டும் நிற்கும்படி செய்யவேண்டும். தண்டைத் தொட்டு ஈரம் நின்றால் பட்டை வெடித்துப் பிசின் வடியும். ஒரு மரத்தில் வடிந்திருந்தது. சுரண்டிவிட்டுப் போர்டோ பசை பூசினேன். போர்த்தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. பாத்தி ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது, இலை நுனி கருகுகிறது. நரம்புக்கு நரம்பு இடையில் மஞ்சள் ஓடினால் அது வேறு, துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கலந்து தெளித்தால் அடுத்த கொழுந்து பச்சையாக வரும்.

வேலியோரக் கன்றுகள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1. எலுமிச்சையில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் விதை. ஒரே விதையில் இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு அசல். அதனால் ஒட்டுக்கட்டாமல் விதையிலேயே நாற்று விட்டாலும் குணம் மாறுவதில்லை. மாவில் இதை நம்பி இறங்க முடியாது.

மே 31, சனி

மேற்கு வேலியில் சப்பாத்திக்கள்ளியை ஜே.சி.பி. வைத்து எடுத்துவிடலாம் என்று மச்சான் மறுபடி ஆரம்பித்தான். “இதுல பாம்புதான் மாமா குடியிருக்கும்.” பதில் சொல்லாமல் ஒரு மட்டையைத் திருப்பிக் காட்டினேன். பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளைத் திட்டு. நகத்தால் நசுக்கினால் நகக்கண் முழுக்கக் குங்குமச் சிவப்பு. சோப்புப் போட்டும் மத்தியானம் வரை போகவில்லை.

இந்தச் சிவப்புக்காகத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி அலைந்தது. மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சிச் சாயம் ஸ்பெயின்காரர்கள் பிடியில் இருந்தது. மதராஸில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சி வரும் முன்பே அதற்குத் தீனியாகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பூச்சி வந்தது. வந்தது நல்ல ஜாதி இல்லை, காட்டு ஜாதி. சாயம் மட்டம். ஆனால் ஒருவகைக் கள்ளியை ஊர் ஊராகத் தின்று தீர்த்தது. அது தொடாமல் விட்ட சப்பாத்திக்கள்ளி அப்புறம் விளைநிலமெல்லாம் மண்டியபோது, 1926ல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷங்களில் தென்னிந்தியாவில் கள்ளி பெருமளவு அடங்கியது. வேலியில் இப்போது இருப்பது அதன் வம்சமாகத்தான் இருக்கவேண்டும்.

இதெல்லாம் மச்சானுக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் ஜே.சி.பி. பேச்சு நின்றது.

ஜூன் 3, செவ்வாய்

காற்று இறங்கிவிட்டது. விடிகாலையில் தகரம் அடித்துக்கொண்ட சத்தத்தில் எழுந்தேன். மலை தாண்டும்போதே ஈரத்தை உதறிவிட்டு, இறங்க இறங்கச் சூடேறி வருகிற காற்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை வைத்தவர்களுக்கு இது வரவு. வெயிலைவிட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். வெயிலுக்கு வலை கட்டலாம்.

கள்ளி பகல் முழுக்க வாயை மூடிக்கொள்ளும். இலைத்துளைகளைத் திறந்து காற்று வாங்குவது ராத்திரியில்தான். எலுமிச்சை பகலில் திறக்கிறது, சரியாகக் காற்று வீசும் நேரத்தில். ஒரே மண், ஒரே தண்ணீர். மத்தியானம் போய்ப் பார்த்தால் எலுமிச்சை இலை படகுபோல் மடிந்து நிற்கிறது, கள்ளி சும்மா நிற்கிறது. அதோடு காற்றில் கிளை ஆடும்போது எலுமிச்சையின் முள்ளே அதன் காயைக் கீறுகிறது. அந்தக் கீறல் வழியாகச் சொறிநோய் சுலபமாக நுழைகிறது. காப்பர் ஆக்சிகுளோரைடு எவ்வளவு அடித்தாலும் கீறல் நின்றால்தான் சொறி நிற்கும்.

ஜூன் 4, புதன்

காற்று. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூன் 7, சனி

கொழுந்தில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது குருவி எச்சம் மாதிரியே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். வளர்ந்தால் பச்சை. குச்சியால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது, கூடவே ஒரு புளித்த நெடி. பெரிய மரத்தில் இருந்தால் விட்டுவிடுவேன். கன்றில் இருந்ததைப் பொறுக்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு மாற்றினேன். இரண்டும் ஒரே குடும்பம், அதற்குப் பசியாறும். வீட்டில் திட்டு விழுந்தது, ரசத்துக்கு இணுங்க வைத்திருந்த செடியாம்.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். போடிக்குப் போன இடத்தில் கமிஷன் கடை அண்ணனிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏலக்காய்க்கு ஏலம் நடக்கும் ஊரில் எலுமிச்சைக்கு யார் மதிப்புக் கொடுக்கிறார்கள்? “சித்திரையில கொண்டாங்க, கேக்குற வெல தாரேன். இப்ப எல்லாவன்ட்டயும் கெடக்கு” என்றார். சரியான பேச்சு. பங்குனி, சித்திரையில் காய் வேண்டுமென்றால் புரட்டாசி, ஐப்பசியில் பூ பிடிக்கவேண்டும். அதற்கு ஆவணியில் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடப் போடவேண்டும். இலை சுருண்டு கொஞ்சம் உதிரும். பார்க்கிறவர்கள் ‘மரத்தைச் சாகடிக்கிறான்’ என்பார்கள். அப்புறம் உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் கொழுந்தும் பூவும் சேர்ந்து வரும். நடுவில் மழை பெய்துவிட்டால் அத்தனையும் வீண். ஆவணி மழையை அவ்வளவாக நம்ப முடியாத எங்கள் மழைமறைவுக் காட்டுக்கு இந்த ஒரு விஷயத்தில் லாபம்.

ஜூன் 11, புதன்

ராத்திரி எட்டரைக்கு டிராகன் பூ விரிந்தது. பௌர்ணமி, டார்ச் தேவைப்படவில்லை. சிவப்புச் சதை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. வெள்ளை ரகப் பூவின் மகரந்தத்தைக் காகிதத்தில் தட்டி, பெயின்ட் பிரஷ்ஷால் சிவப்பின் சூல்முடியில் தடவினேன். காற்றில் காகிதம் நிற்கவில்லை. மச்சான் வேட்டியை மறைப்பாகப் பிடித்தான். விடிந்தால் பூ தொங்கிவிடும். சூல் பிடித்திருந்தால் ஒரு மாதத்தில் பழம்.

ஜூன் 14, சனி

மேற்கே அம்பரப்பர் மலை, நியூட்ரினோ ஆய்வகத்துக்காகக் குடைய 2015ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மலை. அதை ஒட்டித்தான் எனக்குக் காற்று வருகிறது. சப்பாத்தி வேலி இடுப்புயரம். புழுதியை நிறுத்தும், காற்றை நிறுத்தாது. அதற்கு உள்பக்கம் சவுக்கு இரண்டு வரிசை நடவேண்டும், மாற்றி மாற்றி. சுவர் கட்டினால் காற்று தாவி அந்தப் பக்கம் சுழன்று விழும். சவுக்கு சல்லடையாக நின்று வேகத்தைக் குறைக்கும். வேர் எலுமிச்சைத் தண்ணீரைத் திருடாமல் நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டவேண்டும்.

நடவு ஐப்பசி மழையில். நர்சரியில் நாற்றுக்கு இன்றே சொல்லியாயிற்று, முன்பணம் கேட்டார்கள், கொடுத்தேன். வாய்க்கால் வெட்டத்தான் மச்சான் ஜே.சி.பி. வேண்டும் என்கிறான்.