ஏரியில் ஒரு விக்ராந்த்

வானொலி அலையால் இயங்கும் பெரிய கப்பல் மாதிரியைச் செய்ய முனைவோர், அதனை எத்தனை மடங்கு சிறிதாக்குவது என்பதையே முதலில் முடிவுசெய்தல் வேண்டும்.

2022 செப்டம்பரில் நம் கடற்படையில் இணைந்த ஐ.என்.எஸ். விக்ராந்தைக் கருதுவோம். அதன் நீளம் 262 மீட்டர். எடை ஏறத்தாழ 43,000 டன். நூறில் ஒரு பங்காக்கினால் நீளம் 2.62 மீட்டராகும். எடை 430 டன் ஆகுமோ? ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறு மடங்கு குறைவதால், எடை பத்து இலட்சம் மடங்கு குறைந்து 43 கிலோவாகும். ஐம்பதில் ஒரு பங்கென்றால் 344 கிலோ. நினைத்தாலே தோள் வலிக்கிறது! இருநூறில் ஒரு பங்கோ ஐந்தரைக் கிலோவையும் எட்டாது.

அப்படியாயின் சிறியதே நன்றா? சுங்குவார்சத்திரத்தில் வாழும் எனக்கு ஏரியே கடல். கப்பலைச் சுருக்கலாம், காற்றையும் அலையையும் யார் சுருக்குவது? மாலைக் காற்றில் எழும் ஐந்து சென்டிமீட்டர் அலை, நூறில் ஒரு பங்குக் கப்பலுக்கு ஐந்து மீட்டர் அலைக்கு ஒப்பாகும். இருநூறில் ஒரு பங்கிற்கோ பத்து மீட்டர்ப் பேரலை.

வேகத்தின் கணக்கு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபுரூடு காட்டிய வழியில், நூறின் வர்க்கமூலமாகிய பத்தால் வகுத்தல் வேண்டும். விக்ராந்தின் 28 நாட் வேகம் 2.8 நாட் ஆகும். கரையோரம் நாம் நடக்கும் வேகம்! அவ்வேகத்தில்தான் முகப்பில் பிளவுறும் நீர் உண்மைக் கப்பலின் அலைபோல் விரியும்.

நூறில் ஒரு பங்கையே நான் தேர்வேன். உடலை இரு துண்டுகளாகச் செய்தால் ஷேர் ஆட்டோவிலும் ஏற்றலாம். மின்கலங்களையும் ஈயக்கட்டிகளையும் தனியே சுமந்து சென்று, கரையில் உள்ளே அடுக்கிக்கொள்ளலாம்.