எட்டு மெஷினும் ஏழு பேரும்

மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை ராத்திரி பையைத் தூக்கிக்கிட்டு எங்கே ஓடுறேன்னு ரூம்ல இருக்கற பயலுக ரொம்ப நாளா துருவிக்கிட்டு இருக்கானுக. பொண்ணு பார்க்கப் போறேன்னு ஒரு வதந்தி வேற. அப்படி ஒரு மண்ணும் இல்லை மக்கா. ஊர்ல சிறுநீரக நோயாளிகளுக்காக ஒரு சின்னச் சங்கம் இருக்கு. அதோட செயற்குழுவுல நானும் ஒருத்தன். ஞாயிறு காலையில பத்து மணிக்குக் கூட்டம்.

சங்கம்னதும் கொடி, மைக்செட்டுன்னு கற்பனை பண்ணிடாதீங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975ன் கீழே பதிவு பண்ணின, ஒரு பீரோவும் ஏழு நாற்காலியும் உள்ள சங்கம். தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பொருளாளர் பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவர். செயலாளர் தானே வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்ணிக்கிறவர். அப்புறம் ஒரு முன்னாள் நர்ஸம்மா, மெடிக்கல் ஷாப் அண்ணன், இட்லிக்கடை அக்கா, நான். யாருக்கும் சம்பளம் கிடையாது. டீக்காசு கூட அவங்கவங்க பாக்கெட்தான்.

என்னைச் சேர்த்த கதை சிம்பிள். சித்தப்பா டயாலிசிஸ்ல இருந்தப்போ கூடப் போய் உட்கார்ந்திருப்பேன். அவர் போனப்புறம் செயலாளர் கூப்பிட்டு, "தம்பி கம்ப்யூட்டர் படிச்சிருக்கீங்களாமே"ன்னார். வெப்சைட் கேட்கப் போறார்னு நினைச்சேன். பைலா புத்தகத்தையும் தீர்மான நோட்டையும் கையில குடுத்தார். ஆபீஸ்ல புடுங்குற ஆணி போதாதுன்னு இது வேற!

செயற்குழுன்னா என்ன வேலைன்னு எனக்கும் முதல்ல புரியலை. நோயாளி பக்கத்துல உட்கார்ந்து ஆறுதல் சொல்றது இல்லை. வரவு செலவு சரியா இருக்கா, ஆடிட் முடிஞ்சதா, மாவட்டப் பதிவாளருக்கு வருஷாந்திரப் பேப்பர் போச்சா, இதெல்லாம்தான் பாதி நேரம். மூணு வருஷத்துக்கு மேல ஒரே குழு உட்கார முடியாது, மறுபடி தேர்ந்தெடுக்கணும். மீதி நேரம் இருக்கே, அதுலதான் வில்லங்கம். கையில இருக்கற கொஞ்ச பலத்தை எந்தப் பக்கம் செலவழிக்கறதுன்னு முடிவு பண்ணணும்.

எங்க ஊர் அரசு ஆஸ்பத்திரியில, ஹெபடைட்டிஸ் உள்ளவங்களுக்குன்னு தனியா ஒதுக்கினதைக் கழிச்சுட்டு எட்டு மெஷின் ஓடுது. ஒரு டயாலிசிஸ் நாலு மணி நேரம். ஒருத்தருக்கு மட்டும் சுமார் 120 லிட்டர் சுத்தம் பண்ணின தண்ணி வேணும். காலையில ஒரு ஷிஃப்ட், மத்தியானம் ஒரு ஷிஃப்ட். எட்டு ரெண்டு பதினாறு, வாரத்துக்கு ஆறு நாள், ஆக 96. வாரம் மூணு தடவை பண்றதுதான் முறைன்னு பார்த்தா 32 பேருக்குத்தான் இடம். அதனால ரெண்டு ரெண்டா பங்கு போட்டு 48 பேருக்கு ஓட்டுறாங்க. சாயந்தரம் இன்னொரு ஷிஃப்ட் ஓட்டினா 144. அதே 48 பேரும் வாரம் மூணு தடவை பண்ணிக்கலாம். புது மெஷின் வேண்டாம், கட்டடம் வேண்டாம், ஆள் மட்டும் போட்டா போதும். சங்கத்தோட ஒரே பெரிய கோரிக்கை இதுதான்.

காப்பீடு இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012ல இருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். டயாலிசிஸும் அதுல உண்டு. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வயித்து வழியா பண்ற டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கறாங்க. நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனா டயாலிசிஸ் முடிஞ்சு எழுந்தா சிலருக்கு பிரஷர் இறங்கி தலை சுத்தும். அந்த நிலைமையில பஸ்ல நின்னுக்கிட்டுப் போக முடியாது. ஆட்டோதான். அதுக்கு எந்தக் கார்டும் காசு குடுக்காது.

அதனால பதினோரு பேருக்குத் திரும்பிப் போற ஆட்டோவை சங்கம் பார்த்துக்கிச்சு. மாசம் ஏறக்குறைய 18,000 ரூபாய். பெரும் பங்கு குடுத்துக்கிட்டு இருந்த ரைஸ்மில் முதலாளி, தொழில் சரியில்லைன்னு போன வருஷம் நிறுத்திட்டார். பத்தாயிரத்துல வந்து நிக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு கடிதம். பக்கத்துல இருக்கற ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டர்ல இருந்து. ஆட்டோ செலவு மொத்தத்தையும் நாங்களே ஏத்துக்கறோம், எங்க ஆள் ஒருத்தரை செயற்குழுவுல சேர்த்துக்கங்கன்னு. அவ்வளவுதான். மூணாவது ஷிஃப்ட் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

பேங்க் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "அவங்களுக்கு வர்ற பேஷன்ட் யாரு? நம்ம ஆஸ்பத்திரியில இடம் கிடைக்காதவங்க. மூணாவது ஷிஃப்ட் வந்தா அவங்களுக்கு நட்டம். அந்த ஆள் இதே நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு கலெக்டருக்கு மனு எழுதுவாரா?"

நான் கிளிவெக் கதையைச் சொன்னேன். இரத்தப் புற்றுநோய் மாத்திரை. கம்பெனி விலை மாசத்துக்கு சுமார் 1,20,000 ரூபாய், இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைப் பத்தாயிரத்துக்குள்ள குடுத்தாங்க. நோவார்ட்டிஸ் ஏகப்பட்ட பேருக்கு இலவசமாவும் குடுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனாலும் மும்பையில இருக்கற கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் அந்தக் காப்புரிமையை எதிர்த்துது. 2006ல சென்னை காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரிச்சது. 2013 ஏப்ரல் 1ல சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனிக்கு எதிராத் தீர்ப்பு சொல்லிச்சு. அன்னிக்கு அந்த அமைப்போட நாற்காலியில கம்பெனி ஆள் இருந்திருந்தா வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்குமான்னு கேட்டேன்.

இட்லிக்கடை அக்கா பொறுமையாக் கேட்டுட்டு, "நீ சொல்றது சரி தம்பி. மூணாவது ஷிஃப்ட் வர்றப்ப வரட்டும். எங்க வீட்டுக்காரரு இந்தச் செவ்வாக்கிழமை வீடு வந்து சேரணும்ல"ன்னாங்க.

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை.

இதுல இன்னொரு சிக்கல். அக்கா வீட்டுக்காரர் அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர். ஆதாயம் உள்ளவங்க ஓட்டுப் போடலாமான்னு பேங்க் சார் கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை, பேங்க்ல நாப்பது வருஷம் அப்படியே பழகினவர். எனக்கு சுருக்குன்னுது. நோயாளி வீட்டு ஆள் ஓட்டுப் போடக் கூடாதுன்னா, பேஷன்ட்டா இருக்கற செயலாளரும் போடக் கூடாது. அப்புறம் எதுக்கு இந்த சங்கம், நாலு பெரிய மனுஷங்க கூடி தர்மம் பண்ணிட்டுப் போயிடலாமே? சத்தமாவே சொல்லிட்டேன். டீச்சர் மேஜையைத் தட்டினாங்க. அக்காவும் ஓட்டுப் போட்டாங்க.

பணம் வேண்டாம்னு நாலு, வேணும்னு மூணு. டீச்சர், பேங்க் சார், செயலாளர், நான் ஒரு பக்கம். அக்கா, நர்ஸம்மா, மெடிக்கல் அண்ணன் மறுபக்கம்.

கஷ்டமான வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. பத்தாயிரத்துக்கு ஆறு பேருக்குத்தான் ஆட்டோ. எந்த ஆறு? நர்ஸம்மா அளவுகோல் சொன்னாங்க: வயசு, பிரஷர் எவ்வளவு இறங்குது, கூட வர ஆள் உண்டா, வீடு எவ்வளவு தூரம். எக்செல் ஷீட் போட்டது நான். ஆபீஸ்ல ஆயிரக்கணக்குல வரிசைகளை சார்ட் பண்ணியிருக்கேன். பதினோரு வரிசையை சார்ட் பண்ண ஒரு மணி நேரம் ஆச்சு. அக்கா வீட்டுக்காரர் ஏழாவதா வந்தார். நர்ஸம்மா ஷீட்டை ரெண்டு தடவை சரிபார்த்தாங்க. அக்கா எட்டிக்கூடப் பார்க்கலை.

அடுத்த மாசம் அக்கா வரமாட்டாங்கன்னு நினைச்சேன். பத்து மணிக்கு டீ ஃபிளாஸ்க்கோட வந்து உட்கார்ந்திருந்தாங்க. வீட்டுக்காரரை இப்போ பக்கத்து வீட்டுப் பையன் பைக்ல கூட்டிட்டு வர்றானாம், நடுவுல உட்கார வெச்சு அக்கா பின்னாடி பிடிச்சுக்கிட்டு. ட்ரிபிள்ஸ். ரெண்டு தடவை போலீஸ் நிறுத்தி, ஆளைப் பார்த்துட்டு விட்டுட்டாங்களாம்.

அன்னிக்கு அஜெண்டாவுல முதல் ஐட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நாங்க அனுப்பின மனுவுக்கு வந்த பதில். முப்பதாவது நாள் கரெக்டா வந்திருந்துது. மெஷின் எத்தனை, டெக்னீஷியன் எத்தனைன்னு விவரம் இருந்துது. மூணாவது ஷிஃப்ட் எப்போங்கற கேள்விக்கு மட்டும் "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரே வரி. முப்பது நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம், அதுக்கு ஸ்டாம்ப் கூட வேண்டாம். எழுதற வேலை எனக்கு.

கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். யார் போறதுன்னு டீச்சர் கேட்டாங்க. எனக்குத் திங்கட்கிழமை ஆபீஸ். செயலாளருக்கு அன்னிக்கு டயாலிசிஸ். "நான் போறேன் டீச்சர், ஒன்பது மணிக்கெல்லாம் கடையை எடுத்து வெச்சிடுவேன்"ன்னாங்க அக்கா. அந்த 96, 144 கணக்கை எனக்குக் கொட்டை எழுத்துல எழுதிக் குடு தம்பின்னு என்கிட்ட ஒரு தாளை நீட்டினாங்க.