பல்பொடி போட்ட ராஜா

உங்க வீட்டு பீரோவிலும் ஒரு பழைய வெள்ளி ரூபாய் இருக்கலாம். இதைப் படித்து முடிக்கும் வரைக்கும் அதைத் தேய்க்காதீங்க. நான் தேய்ச்சவன், அதனால சொல்றேன்.

ஆச்சி எனக்குக் கொடுத்தது 1918-ஆம் வருஷத்து ஒரு ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டது. 11.66 கிராம் எடை, அதில் கிட்டத்தட்ட 92 சதவீதம் வெள்ளி. நல்லா கறுத்துப் போயிருந்தது. முதல் வருஷ லீவில் பல்பொடி போட்டு அழுத்தித் தேய்ச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு. ஆச்சிகிட்ட நீட்டினேன். வாங்கிப் பார்த்தாங்க, எதுவும் சொல்லாம திருப்பிக் கொடுத்துட்டாங்க.

போன மாசம் ஒரு நாணயக் கண்காட்சியில் அதைக் காட்டினேன். கடைக்காரர் ஓரத்தைப் பிடித்து விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்தார். மூணே செகண்ட்.

"யார் தம்பி இதைத் தேய்ச்சது?"

எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? அச்சில் அடிக்கும்போது உலோகம் ஓரத்தை நோக்கி நகர்வதால் மிக மெல்லிய கோடுகள் விழும். அதிகம் புழங்காத காசைச் சாய்த்தால் ஒளி காற்றாடி மாதிரி சுற்றும். தேய்த்த காசு மின்னும், ஆனால் அந்த ஒளி சுற்றாது.

கைமாறித் தேய்ந்த காசிலும் சுற்றாதுதான். அங்கே கீறல்களைப் பாருங்க. புழக்கத்தில் விழுந்தவை கண்ட திசையிலும் ஓடும். தேய்த்ததால் விழுந்தவை முடி மாதிரி மெல்லிசா, கூட்டமா, ஒரே பக்கம் ஓடும். எழுத்து இடுக்கில் மட்டும் கறுப்பு, மற்ற இடமெல்லாம் வெள்ளை என்றாலும் சந்தேகப்படலாம். ரசாயனத்தில் முக்கியிருந்தால் கீறல் இருக்காது. ஆனால் நூறு வருஷம் புழங்கின காசு முழுக்க ஒரே வெளுப்பா இருந்தா நம்பாதீங்க.

அந்தக் கறுப்பு பெரும்பாலும் சில்வர் சல்ஃபைடு, நம்ம கெமிஸ்ட்ரி லேபில் பார்த்ததுதான். காசின் வெள்ளியே காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து ஆனது. அதைச் சுரண்டினால் வெள்ளியும் கூடவே போகும், திரும்ப வராது.

விலை பாதியாயிடும்னார் அவர். எனக்கு அது பெருசா வலிக்கலை. வீட்டுக்கு வந்து ஆச்சிகிட்ட விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கம்மா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த காசுய்யா அது. நீ ஆசையா தேய்ச்சுட்டு வந்து நின்ன. நான் என்னத்தச் சொல்ல?"

காசைத் தொடுறதுக்கு முன்னாடி, கொடுத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.