பென்ஷனில் பிக்கிள்பால்

மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று வீட்டம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். தை பிறந்ததும் அவளுக்குக் கண் ஆபரேஷன்.

மட்டைக்கு 2,000 போதும். விலை கூடினால் நம் முழங்கை இளமையாகிவிடுமா? ஷூவில் மட்டும் கை இறுக்கவில்லை. வாக்கிங் ஷூவோடு பக்கவாட்டில் ஓடினால் கணுக்கால் பிசகும். கோர்ட் ஷூவே வாங்கினேன், 4,000.

மாதாமாதம் கையைக் கடிப்பது வாடகை. வெளியே மணிக்கு 400 கேட்டார்கள். நல்லவேளை, பிக்கிள்பால் கோர்ட்டும் பாட்மிண்டன் இரட்டையர் கோர்ட்டும் ஒரே அளவு: 44 அடிக்கு 20 அடி. எங்கள் குடியிருப்பிலேயே பாட்மிண்டன் வலையை நடுவில் 34 அங்குலத்துக்கு இறக்கி, இருபுறமும் 7 அடியில் சாக்பீஸ் கோடு போட்டோம். பந்துச் செலவு நாலு பேருக்கும் பொது. மிச்சம் கண் ஆபரேஷனுக்கு.

அந்தக் கோட்டுக்கும் வலைக்கும் இடைப்பட்ட இடத்துக்குப் பெயர் கிச்சன். அதில் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது என்று வீட்டம்மாவிடம் விளக்கினேன்.

"இங்கே மட்டும் என்றைக்கு நின்றீர்கள்?" என்றாள்.