அம்மாவின் மல்லாட்டை எண்ணெய்மீது வந்த புகார்

'உங்க அம்மா எதையோ கலக்குறாங்க போல. சிக்கு வாடை அடிக்குது.'

சென்னையில் நான் இருக்கும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், போன மே மாதம் வந்த மெசேஜ் இது. திருநாவலூரில் அம்மா மல்லாட்டையைத் தானே காயவைத்து, சொத்தை பொறுக்கி, செக்கில் ஆட்டி அனுப்பும் எண்ணெய் அது. (மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான். மணிலாக்கொட்டை எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது.) ஆர்டர் பிடித்துக் கொடுத்தவள் நான். இரண்டு கேன்கள் திரும்பி வந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லத்தான் மூன்று நாள் ஆனது.

"காசு போனா போவுது. கலப்படம்னு சொல்லிட்டாங்களேடி" என்றவர், அதன்பிறகு ஆர்டரே எடுக்கவில்லை.

காரணத்தைத் தேட ஆரம்பித்தேன். கடலை எண்ணெயில் முக்கியமானவை இரண்டு கொழுப்பு அமிலங்கள்: ஒலிக், லினோலிக். காற்றும் வெயிலும் பட்டால் லினோலிக் சீக்கிரம் கெட்டு வாடை வந்துவிடும். வழக்கமான ரகங்களில் ஒலிக் ஏறக்குறைய பாதிதான். அதாவது, எதையும் கலக்காத எண்ணெயும் கோடையில் சிக்குப் பிடிக்கும். அந்த வீட்டில் கேனை பால்கனியில் வைத்திருந்தது வேறு விஷயம்!

1987-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஒலிக் சுமார் 80 சதவிகிதம் இருக்கும் ஒரு கடலையைக் கண்டுபிடித்தார்கள். ஒலிக்கை லினோலிக்காக மாற்றும் மரபணு அதில் இயற்கையாகவே செயலிழந்திருந்தது. அந்தக் குணத்தைக் கலப்பின முறையில் நம் ரகங்களுக்குக் கொண்டுவந்து, ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி மையமும் ஐதராபாத் இக்ரிசாட்டும் உருவாக்கியவைதான் 2020-ல் நாட்டுக்கு அறிமுகமான கிர்னார் 4, கிர்னார் 5.

தென் அமெரிக்காவில் இரண்டு காட்டுச் செடிகள் எப்போதோ இணைந்ததில் பிறந்த பயிர் வேர்க்கடலை. அதனால் அதன் மரபணு வகைகள் குறைவு. இக்ரிசாட் விதை வங்கியில் 15,000 மாதிரிகளுக்குமேல் பாதுகாப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. எந்த விதைக்குள் எது ஒளிந்திருக்கிறதோ!

தீபாவளிக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். "வெத கெடச்சா அரை ஏக்கர் போடலாம். ஆனா கமிட்டியில எந்த எண்ணெய்னா பாத்து வெல வைக்கிறான்? எடைக்குத்தானே காசு" என்றார் மாமா. நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

"புதுச போடு. நம்ம வெதையும் ஒரு மூட்ட இருக்கட்டும்" என்றார் அம்மா.

கிளம்பும்போது பையில் இரண்டு சின்ன பாட்டில்கள். ஆட்டிய தேதியை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தார்.

"ஒண்ணு அந்த வீட்டுக்குக் குடு. காசு வாங்காத. வெயில்ல வெக்க வேணாம்னு மட்டும் சொல்லு."